காரணம் தெரியாத காய்ச்சலா? சிறுநீரையும் பாருங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தன்று மாலை, குழந்தைகள் நலம் பற்றிய நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத பலர் கேட்டதால் இங்கே தருகிறேன்.)



நான் டாக்டர் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன், கிளார்க்காகவே ஓய்வு பெற்றேன். மருத்துவம் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒரு பேத்திக்குத் தாத்தா. அந்தப் பேத்தி விஷயத்தில் நான் செய்த ஒரு தவறும், அதற்குப் பிறகு குழந்தை டாக்டரிடமும் சிறுநீரக டாக்டரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவையும்தான் இன்றைய பேச்சு. நம் வளாகத்தில் அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போக, தாத்தா பாட்டி பொறுப்பில் வளரும் குழந்தைகள் நிறைய. அதனால் இது உங்களுக்கும் பயன்படும்.

என்ன நடந்தது?

பேத்திக்கு அப்போது பத்து மாதம். ஒரு நாள் காய்ச்சல், 102 டிகிரி. சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. “பல் முளைக்குது, அதான் காய்ச்சல்” என்றாள் என் மனைவி. ஈறு தடித்திருந்தது, எச்சில் ஒழுகியது. எனக்கும் சரி என்றுதான் பட்டது.

இரண்டாம் நாளும் விடவில்லை. மகளும் மாப்பிள்ளையும் அலுவலகத்தில். டாக்டரிடம் போனால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெரிய பேரனுக்கு முன்பு காது வலிக்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் சிரப்பின் காலி அட்டைப்பெட்டி வீட்டில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தெரிந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். சீட்டு கேட்காமலே கொடுத்தார். இரண்டு நாள் கொடுத்தேன், காய்ச்சல் நின்றது. நானும் மருந்தை நிறுத்திவிட்டு, மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தேன். டாக்டர் ஃபீஸ் மிச்சம் என்று உள்ளூரப் பெருமை வேறு.

பத்து நாள் கழித்து மறுபடி காய்ச்சல். அதே பாட்டிலை எடுத்தேன். நான்கு வேளை கொடுத்தும் குறையவில்லை என்றதும் மகள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். டாக்டரம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு, காய்ச்சலுக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை, சிறுநீரைப் பரிசோதிக்கலாம் என்றார். பிறகு கேட்டார்: “வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களா சார்?”

“பாராசிட்டமால் மட்டும்தான் டாக்டர்” என்றேன்.

மகள் பக்கத்திலேயே இருந்தாள். அவள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். கல்ச்சர் ரிப்போர்ட் இரண்டு நாளில் வந்தது: ‘வளர்ச்சி இல்லை.’ வளர்ச்சி எப்படி இருக்கும்? நான்கு வேளை மருந்து உள்ளே போயிருக்கிறதே. ஆனால் அது டாக்டருக்குத் தெரியாது. வைரஸ் காய்ச்சலாக இருக்கும், கவனமாகப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து மிச்ச சிரப்பையும் யாருக்கும் தெரியாமல் கொடுத்து முடித்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு ராத்திரி 104 டிகிரி. உடம்பு தூக்கிப் போட்டது போல நடுக்கம், வாந்தி. பால் குடிக்கவில்லை. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இந்த முறை மெல்லிய குழாய் வைத்துச் சிறுநீர் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ஈ.கோலை கிருமி, ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல். அதன் கீழே எந்த மருந்து வேலை செய்யும், எது செய்யாது என்று ஒரு பட்டியல். நான் கொடுத்த சிரப்பின் பெயருக்கு எதிரே ‘ஆர்’ என்று ஓர் எழுத்து. அந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்காது என்று அர்த்தம்.

அன்றுதான் மகள் கேட்டாள்: “அப்பா, நீங்க ஏதாவது குடுத்தீங்களா?” சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஊசி மருந்தில் குணமாகிவிட்டது. அடுத்தடுத்த பரிசோதனைகளில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் இடது சிறுநீரகத்தை நோக்கித் திரும்பி ஏறுகிறது. இது பிறவியிலேயே வந்தது, என் தவறு அல்ல. இரண்டு, ஐந்து மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகத்தின் மேல் பகுதியில் சின்னத் தழும்பு. “இது உங்களால்தான் வந்ததுன்னு சொல்ல முடியாது சார். ஆனா முதல் காய்ச்சல்லயே கண்டுபிடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றார் டாக்டர். அந்த வாக்கியத்தோடுதான் நான் இருக்கிறேன்.

இது என்ன நோய்?

சிறுநீர்ப் பாதையில் கிருமி புகுந்து பெருகுவதுதான். பெரும்பாலும் காரணம் ஈ.கோலை. 1885இல் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் கைக்குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டுபிடித்தார். நம் எல்லோர் குடலிலும் இருக்கிறது, அங்கே இருக்கும்வரை தொந்தரவில்லை. சிறுநீர்த் துவாரம் வழியாக மேலே ஏறினால்தான் வம்பு. சிறுநீர்ப்பையோடு நின்றால் எரிச்சல், அடிக்கடி போகும் உணர்வு. சிறுநீரகம்வரை ஏறினால் கடும் காய்ச்சல்.

பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு என்பதால் கிருமி சுலபமாக ஏறுகிறது. ஏழு வயதுக்குள் 100 பெண் குழந்தைகளில் சுமார் 8 பேருக்கும், 100 ஆண் குழந்தைகளில் சுமார் 2 பேருக்கும் ஒரு தடவையாவது இது வருகிறது. ஆனால் பிறந்து முதல் சில மாதங்களில் ஆண் குழந்தைகளுக்குத்தான் அதிகம். ஆகவே “பையனுக்கு இதெல்லாம் வராது” என்று நினைக்க வேண்டாம்.

இன்னொரு கணக்கு முக்கியம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சளி, இருமல், பேதி எதுவும் இல்லாமல் காய்ச்சல் வந்தால், அப்படிப்பட்ட 100 குழந்தைகளில் 5 முதல் 7 பேருக்குக் காரணம் சிறுநீர்த் தொற்றுதான். பல் முளைக்கும்போது உடம்பு லேசாகச் சுடலாம். ஆனால் 102 டிகிரியைப் பல்லின் கணக்கில் எழுதக்கூடாது.

பெரும்பாலான குழந்தைகள் முழுக்கக் குணமாகிவிடுகிறார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் காய்ச்சலோடு முதல் தொற்று வந்த 100 குழந்தைகளில் சுமார் 15 பேருக்குச் சிறுநீரகத்தில் தழும்பு விழுகிறது. மருந்து தொடங்க இரண்டு மூன்று நாள் தாமதமானால் அந்த வாய்ப்பு கூடுகிறது. தழும்பு பெரிதாக இருந்தால் பின்னாளில் ரத்தக்கொதிப்பு, சிறுநீரில் புரதம் வெளியேறுதல், சிலருக்குச் சிறுநீரகம் பலவீனமாதல் என்று போகலாம். என் பேத்திக்கு இப்போது ஆறு வயது. திரும்பி ஏறுவது வளர வளர நின்றுவிட்டது. தழும்பு மட்டும் அப்படியே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கிறோம்.

எப்படிக் கண்டுகொள்வது?

பேசத் தெரிந்த குழந்தை சொல்லிவிடும்: எரிகிறது, அடிவயிறு வலிக்கிறது, முதுகின் பக்கவாட்டில் வலிக்கிறது என்று. படுக்கையை நனைப்பதை விட்டிருந்த குழந்தை மறுபடி நனைக்கத் தொடங்கினாலும் ஓர் அறிகுறி. கைக்குழந்தை எதையும் சொல்லாது. காய்ச்சல், வாந்தி, பால் குடிக்காமை, ஓயாத அழுகை அல்லது சோர்ந்து கிடப்பது, எடை ஏறாமை. இவ்வளவுதான் தெரியும். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு மஞ்சள் காமாலை நீடிப்பதும் உண்டு. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்தக் காரணமானாலும் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது, அன்றே ஆஸ்பத்திரி.

ஆண் குழந்தை என்றால் சிறுநீர் எப்படி வருகிறது என்று ஒரு நாள் கவனியுங்கள். வேகமாக வளைந்து விழாமல் சொட்டுச் சொட்டாக, முக்கி முக்கி வந்தால், பாதையில் பிறவி அடைப்பு இருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

நம் வீடுகளில் ‘நீர்க்கடுப்பு, உடம்பு சூடு’ என்று சொல்லிக் கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு தடவுவோம், தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்போம், இளநீர் கொடுப்போம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் விளையாடினாலும் எரிச்சல் வரும், இளநீரில் சரியாகும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எரிச்சலோடு காய்ச்சலும் இருந்தாலோ, ஒரு நாளில் சரியாகாவிட்டாலோ, சுண்ணாம்பு டப்பாவை மூடிவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள்.

சிறுநீர் எடுப்பதில் பாதி வேலை இருக்கிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தவறு நடப்பது இங்கேதான்.

சொன்னால் புரியும் குழந்தை என்றால், உறுப்பைத் தண்ணீரில் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை மட்டும், லேபில் கொடுத்த சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். வீட்டு ஊறுகாய் பாட்டில் உதவாது. டப்பாவின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது.

கைக்குழந்தைக்கு ஒட்டுகிற பை வைப்பார்கள். தோலில் உள்ள கிருமியும் மலக் கிருமியும் அதில் கலந்துவிடும். அதனால் பையில் எடுத்ததில் கிருமி வளர்ந்தது என்றால் அதை அப்படியே நம்ப முடியாது. காய்ச்சல் கடுமையாக இருந்தால் மெல்லிய குழாய் விட்டு எடுப்பதே சரி. “ஐயோ குழந்தைக்கா” என்று நாம் தடுக்கிறோம். ஒரு நிமிஷ அழுகை. அதைத் தடுத்தால் தப்பான ரிப்போர்ட்டை வைத்து மருத்துவம் நடக்கும். 2017இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சுலப வழியைச் சோதித்துப் பார்த்தார்கள். குளிர்ந்த உப்புநீரில் நனைத்த பஞ்சுத்துணியால் அடிவயிற்றை மெதுவாகத் தேய்த்தால், 100 குழந்தைகளில் 31 பேர் ஐந்து நிமிஷத்துக்குள் சிறுநீர் கழித்தார்கள். தேய்க்காத குழந்தைகளில் 12 பேர்தான். டப்பாவோடு தயாராக நிற்க வேண்டும், அவ்வளவே.

எடுத்த மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல. நம் ஊர் வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் அரை நாள் கிடந்தால், உள்ளே இருக்கிற நாலு கிருமி நாலு லட்சமாகிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: கல்ச்சருக்குச் சிறுநீர் எடுத்த பிறகுதான் ஆன்டிபயாடிக்கின் முதல் வேளை. ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். யார் முன்னால் என்றாலும் சரி.

ரிப்போர்ட்டைப் படிப்பது

முதலில் சாதாரண யூரின் டெஸ்ட், சில மணி நேரத்தில் வரும். சீழ் செல்கள் 5க்கு மேல் இருந்தால் சந்தேகம். ஆனால் வேறு காய்ச்சலிலும் அது கூடலாம். உறுதி செய்வது கல்ச்சர்தான். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். நடுவில் வருவதைப் பிடித்த மாதிரியில், ஒரே வகைக் கிருமி, வழக்கமாக ஒரு மில்லிக்கு ஒரு லட்சம் என்றால் தொற்று. பல வகைக் கிருமி கலந்து வளர்ந்திருந்தால் பெரும்பாலும் எடுத்த விதம் சரியில்லை, மறுபடி எடுக்கச் சொல்வார்கள். கீழே உள்ள மருந்துப் பட்டியலில் ‘எஸ்’ என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், ‘ஆர்’ என்றால் அடங்காது.

கல்ச்சர் வரும்வரை காத்திருக்காமல் டாக்டர் மருந்து தொடங்குவார், முடிவு வந்ததும் தேவைப்பட்டால் மாற்றுவார். காய்ச்சல் இரண்டு நாளில் நின்றாலும், எழுதிய நாள்வரை, பொதுவாக 7 முதல் 14 நாள், முழுதாகக் கொடுக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் தொற்று முழுக்கப் போகாமல் திரும்ப வரலாம். கண்டபடி கொடுத்துக்கொண்டே இருந்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் மிஞ்சிப் பெருகும். நான் செய்தது அதைத்தான்.

மெடிக்கல் ஷாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2014 மார்ச் முதல் நம் நாட்டில் ‘ஷெட்யூல் எச்1’ என்ற விதி இருக்கிறது. பல முக்கிய ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கணக்கில் ஏற்றாதவன் நான். சீட்டு இல்லாமல் பத்து மாதக் குழந்தைக்கு மருந்து வாங்கினேன். கடைக்காரர் கேட்கவில்லை என்பது உண்மை. நான் போய்க் கேட்டேன் என்பதும் உண்மை.

வராமல் தடுக்க

மூன்று நான்கு வயதுக்கு மேல் திரும்பத் திரும்ப வருவதற்குப் பெரிய காரணங்கள் இரண்டு: அடக்கிவைப்பது, மலச்சிக்கல்.

குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வயதோடு ஒன்று கூட்டி 30ஆல் பெருக்குங்கள். ஆறு வயதுக்கு ஏறக்குறைய 210 மில்லி, ஒரு டம்ளர். காலை எட்டு மணிக்குப் போகிற குழந்தை மூன்றரைவரை அதை வைத்துக்கொண்டு எப்படி இருக்கும்? பள்ளிக் கழிப்பறை நாறுகிறது, தாழ்ப்பாள் இல்லை, மிஸ் விடவில்லை. அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. கொடுத்தனுப்பிய பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா என்று இன்றைக்குப் பாருங்கள். கேரளத்தில் 2019இல் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே ‘வாட்டர் பெல்’ அடிக்கத் தொடங்கினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் குடித்த தண்ணீர் வெளியே போக வழி வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் மார்க் பற்றிக் கேட்பதற்கு முன் கழிப்பறை பற்றிக் கேளுங்கள்.

மலச்சிக்கல் இருந்தால் நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும், சிறுநீர் முழுதாக வெளியேறாது, தேங்கியதில் கிருமி பெருகும். வாழைப்பழம், கொய்யா, கீரை, தண்ணீர். அதோடு, நம் வீடுகளில் எல்லாம் வெஸ்டர்ன் கழிப்பறைதான். சின்னக் குழந்தைக்குக் கால் தொங்கும், உடம்பு இறுகும். காலடியில் ஒரு சின்ன ஸ்டூல் வையுங்கள்.

இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை போகப் பழக்குங்கள். பெண் குழந்தைகளுக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவச் சொல்லிக்கொடுங்கள். டயப்பரில் மலம் இருந்தால் உடனே மாற்றுங்கள். ஆண் குழந்தையின் முன்தோலைக் குளிப்பாட்டும்போது பலவந்தமாகப் பின்னுக்குத் தள்ளாதீர்கள். அது வயது ஏற ஏறத் தானே விலகும்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

கடைசியாக நம் வளாகத்து விஷயம். சாயந்திரம் ஐந்து மணியிலிருந்து ஏழரைவரை விளையாட்டுத் திடலில் முப்பது நாற்பது குழந்தைகள். பக்கத்திலேயே கழிப்பறை இருக்கிறது, ஆனால் பூட்டி. சாவி செக்யூரிட்டியிடம். கேட்கக் கூச்சம், லிஃப்டில் ஏழாவது மாடிக்குப் போய்வந்தால் ஆட்டம் போய்விடும். காலைப் பின்னிக்கொண்டு நிற்கிற குழந்தைகளை நான் பெஞ்சில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறேன். பள்ளியில் அடக்கியது போதாதென்று இங்கேயும்.

குழாய் உடைகிறது, அசுத்தமாகிறது என்றுதான் பூட்டினார்கள், எனக்குத் தெரியும். அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இன்று அதை மாற்றக் கேட்கிறேன். சாயந்திரம் ஐந்திலிருந்து எட்டுவரை திறந்திருக்கட்டும். ஆறரைக்கு ஒரு முறை கூடுதலாகக் கழுவட்டும். வெளியே ஒரு குடிநீர்க் குழாய், உள்ளே ஒரு சோப்பு. இதற்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் வரும்போது தயவுசெய்து ஆதரவு தாருங்கள்.

தாத்தா பாட்டிகளுக்கு மட்டும் இன்னும் ஒரு வார்த்தை. நம் அனுபவம் பெரியதுதான். ஆனால் காரணம் தெரியாத காய்ச்சலுக்கு அனுபவம் போதாது. முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, பிறகு மருந்து. டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.